பாகில் தோய்த்த ஆப்பிள்

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

முன்னுரை

ஆப்பிளைக் கடித்துத் தின்னத் தெரியாதவர் யாரும் இல்லை. ஆனால் ஆப்பிளுக்குக் கண்ணாடிச் சட்டை போட்டுத் தின்பதை நம்மில் எத்தனை பேர் கண்டிருப்போம்? நானும் கண்டதில்லை. நம் கன்னியர் இல்லத்தில் ஓய்வில் இருக்கும் வயது முதிர்ந்த சிஸ்டர் ஒருவர், இளமையில் சில ஆண்டுகள் இங்கிலாந்தில் பணி செய்தவர். அவர் ஒரு மாலை தோட்டத்தில் எங்களுக்குச் செபமாலை கட்டக் கற்றுத் தந்தபடியே அதைப் பற்றிச் சொன்னார். “குளிரில் கை விறைத்துப் போகும். தெருவில் சொக்கப்பனை எரியும். கையில் குச்சி, குச்சியில் ஆப்பிள், ஆப்பிளின் மேல் சர்க்கரைக் கண்ணாடி. கடித்தால் ‘மடக்’கென்று ஒரு சத்தம் வரும் பாருங்கள்!” என்று அவர் சொன்னபோது எங்கள் எல்லாருடைய வாயிலும் நீர் ஊறியது.

குழந்தைகள் தினத்தன்று பள்ளி வளாகத்தில் ஒவ்வொரு வகுப்பும் ஒரு கடை போட வேண்டும். வரும் பணம் முதியோர் இல்லத்துக்குப் போகும். எங்கள் வகுப்பு என்ன கடை போடலாம் என்று பேச்சு வந்தபோது, நான் முன்பின் யோசியாமல் எழுந்து, “பாகு ஆப்பிள் 20 செய்து தருகிறேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வகுப்புத் தோழியர் தங்கள் சிறு சேமிப்பிலிருந்து ஆப்பிளுக்கும் சர்க்கரைக்கும் பணம் திரட்டித் தந்தார்கள். அந்தப் பணத்தைக் கையில் வாங்கிய பிறகுதான் எனக்குச் செய்யத் தெரியாது என்பதே நினைவுக்கு வந்தது! அதன்பின் நான் கற்றவற்றை இங்கே எழுதுகிறேன்.

இது எங்கே பிறந்தது?

பழத்தைப் பாகில் தோய்த்துத் தின்னும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. சீனாவின் வட பகுதியில் குளிர்காலத்தில், சிறிய புளிப்புப் பழங்களை மூங்கில் குச்சியில் வரிசையாகக் கோத்துப் பாகில் தோய்த்து விற்கிறார்கள். அதற்குத் ‘தாங்ஹுலு’ என்று பெயர். ஜப்பானில் கோவில் திருவிழாக் கடைகளில் பாகு ஆப்பிளை ‘ரிங்கோ அமே’ என்று விற்கிறார்கள். பிரான்சில் இதற்கு ‘அன்பின் ஆப்பிள்’ என்ற பொருளில் பெயர் இட்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இது பரவிய கதை சுவையானது. நியூ ஜெர்சி மாநிலத்தில் நெவார்க் என்னும் நகரில் வில்லியம் கோல்ப் என்ற மிட்டாய்க்காரர் இருந்தார். 1908-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விற்பனைக்காக இலவங்கப்பட்டை மணமுள்ள சிவப்பு மிட்டாய் ஒன்றைக் காய்ச்சினாராம். அந்தப் பாகில் சில ஆப்பிள்களைத் தோய்த்துக் கடையின் கண்ணாடிச் சன்னலில் அலங்காரமாக வைத்தார். வந்தவர்கள் மிட்டாயை விட்டுவிட்டு ஆப்பிளையே கேட்டார்களாம்! ஒன்று 5 சென்ட் என்று விற்றார். அங்கிருந்து கடற்கரைக் கடைகளுக்கும் சர்க்கஸ் கூடாரங்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. இன்றும் அங்கே அனைத்துப் புனிதர் திருவிழாவுக்கு முந்திய இரவான அக்டோபர் 31-இல் இதைத் தின்பது வழக்கம்.

இங்கிலாந்தில் இதை நவம்பர் 5-இல் உண்கிறார்கள். 1605-இல் மன்னரையும் பாராளுமன்றத்தையும் வெடி வைத்துத் தகர்க்கச் சிலர் செய்த சதி முறியடிக்கப்பட்ட நாள் அது. சதி செய்தவர்கள் கத்தோலிக்கர்கள் என்று சிஸ்டர் சொன்னபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். “அந்தக் கதை நமக்குப் பெருமை தருவதன்று, ஆனால் ஆப்பிளின் மேல் ஒரு குற்றமும் இல்லை” என்று சொல்லிச் சிரித்தார்.

நம் கடைகளுக்கு வரும் ஆப்பிளுக்கும் அமெரிக்காவோடு உறவு உண்டு. பிலடெல்பியாவில் பிறந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் என்பவர் 1904-இல் தொழுநோயாளருக்குப் பணி செய்ய இந்தியா வந்தார். பின்னர் சிம்லாவுக்கு அருகில் கோட்கட் என்னும் மலையூரில் குடியேறி, 1916-ஆம் ஆண்டு வாக்கில் ‘டெலிஷஸ்’ என்ற அமெரிக்க ஆப்பிள் கன்றுகளை நட்டார். அந்த மலை மக்களின் வாழ்வே அதனால் மாறியது. இன்று நாம் ‘சிம்லா ஆப்பிள்’ என்று வாங்குவதில் பெரும்பங்கு அந்தக் கன்றுகளின் வழிவந்ததே.

முதல் முயற்சி

எங்கள் வீட்டில் பாகு என்றால் ஆச்சிதான். தாத்தா கடலில் இறந்துபோன பிறகு, கடலை மிட்டாய் செய்து விற்று என் அப்பாவையும் அத்தையையும் வளர்த்து ஆளாக்கியவர் அவர். எங்கள் மாவட்டத்துக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, தமக்கே பரிசு கிடைத்தது போல் அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லி மகிழ்ந்தவர். இப்போது கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் நான் கேட்டவுடன், “பாகுதானட்டி! நான் இருக்கேன்” என்று அடுப்பருகே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஆச்சி சொன்னபடியே செய்தேன். சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து அடுப்பில் வைத்து, அடி பிடிக்காமல் இருக்கக் கிண்டிக்கொண்டே இருந்தேன். பாகு முறுகி வரும் வேளையில் திடீரென்று வெண்மையாகக் கலங்கியது. கண் மூடித் திறப்பதற்குள் பாத்திரம் முழுவதும் மணல் மணலாக உறைந்து போயிற்று. கண்ணாடியும் இல்லை, பாகும் இல்லை; நான் கொட்டிய சர்க்கரையே மீண்டும் என்னைப் பார்த்துச் சிரித்தது!

இன்னொரு முறை செய்தோம். அதே மணல். ஆச்சி கரண்டியைத் தடவிப் பார்த்தார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நாப்பது வருசம் காய்ச்சின கை. இப்போ மறந்து போச்சு போல” என்று மெல்லச் சொல்லி, முக்காலியை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். அதன்பின் மூன்று நாள் அவர் அடுக்களைப் பக்கமே வரவில்லை. சர்க்கரை வீணானதைவிட இதுதான் என் மனத்தை வருத்தியது.

இரண்டாம் முயற்சியும் தீக்காயமும்

ஆச்சியை மீண்டும் தொல்லைப்படுத்தக் கூடாது என்று எண்ணி, அம்மா கடைக்குப் போயிருந்த வேளையில் நானே தனியாகத் தொடங்கினேன். தோழியரே, இது பெரிய தவறு. நீங்கள் ஒருபோதும் செய்யாதீர்கள்.

இம்முறை கிண்டாமல் விட்டேன். பாகு தெளிவாகவே வந்தது. மகிழ்ச்சியோடு ஆப்பிளைத் தோய்த்தேன். ஆனால் பாகு தோலில் ஒட்டாமல் வழுக்கிக் கீழே வழிந்தது. குச்சியை வேகமாகச் சுழற்றினேன். அது போதிய ஆழம் செருகப்படாமல் இருந்ததால், ஆப்பிள் கழன்று பாத்திரத்துக்குள் விழுந்தது. தெறித்த பாகு என் இடக்கையில் மூன்று விரல்களின் மேல் விழுந்தது.

கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடுதான். பாகு அந்நேரம் 150 டிகிரி. அதோடு தண்ணீர் வழிந்து ஓடிவிடும், பாகு ஓடாது. தோலைப் பிடித்துக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். நான் அலறியதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அத்தை பற்பசையோடு ஓடிவந்தார். எதிர்வீட்டுத் தாத்தா மையை ஊற்றச் சொன்னார். எனக்கோ இளஞ்செஞ்சிலுவைச் சங்கத்தில் படித்த முதலுதவிப் பாடம் அந்த வலியிலும் நினைவுக்கு வந்தது. குழாயைத் திறந்து ஓடும் நீரில் கையை நீட்டினேன். ஆச்சி சுவரைத் தடவிக்கொண்டு வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு அருகிலேயே நின்றார். 20 நிமிடம் நின்றோம். விரலில் இறுகிய சர்க்கரை நீரிலேயே கரைந்து போயிற்று. பிறகு மருத்துவரிடம் காட்டி மருந்து வைத்துக் கட்டினோம்.

எல்லாரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியவை இவை. பாகு பட்டால் உடனே ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். பனிக்கட்டி வைக்கக் கூடாது. பற்பசை, மை, வெண்ணெய், எண்ணெய், மாவு எதையும் பூசக் கூடாது. ஒட்டிய பாகைப் பிய்க்கக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. மோதிரம், வளையல் இருந்தால் வீக்கம் வருமுன் கழற்றிவிட வேண்டும். கொப்புளம் வந்தாலும், முகத்திலோ கண்ணிலோ பட்டாலும், காயம்பட்டவர் சிறு குழந்தையானாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

சிஸ்டர் நடத்திய பாகுப் பாடம்

மறுநாள் என் கைக்கட்டைப் பார்த்த அறிவியல் சிஸ்டர் நடந்ததைக் கேட்டார். திட்டுவார் என்று நடுங்கினேன். திட்டவும் செய்தார். பிறகு, “சரி, உன் சர்க்கரை ஏன் மணலாயிற்று என்று உனக்குத் தெரியுமா?” என்று கேட்டு, அன்று மாலையே ஆய்வகத்தில் எங்களுக்குப் பாடம் நடத்தினார்.

வெள்ளைச் சர்க்கரைக்குச் ‘சுக்ரோஸ்’ என்று பெயர். அதன் ஒவ்வொரு மூலக்கூறும் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்னும் இரு சிறு சர்க்கரைகள் கைகோத்தது. நீரில் கரைத்துக் கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகிப் போகப்போகப் பாகின் கொதிநிலை ஏறிக்கொண்டே வரும். ஆகவே பாகு எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று பார்த்தாலே அதில் எவ்வளவு நீர் மிச்சம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். நம் வீட்டுப் பெரியவர்கள் ‘பதம்’ என்று சொல்வது இதைத்தான்.

சுமார் 110 டிகிரியில் இரு விரலுக்கு நடுவே கம்பி போல் இழுபடும். இது கம்பிப் பதம். சுமார் 115 டிகிரியில் தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருட்ட வரும். அதிரசத்துக்குச் சொல்லும் தக்காளிப் பதம் இதுவே. 121-க்கு மேல் 130 வரை உருண்டை கெட்டியாகும். சுமார் 150 டிகிரியில் தண்ணீரில் விட்ட துளி கல்லாக இறுகும். வளைத்தால் வளையாமல் உடையும். அப்போது பாகில் நூற்றில் ஒரு பங்கு அளவே நீர் இருக்கும். பாகு ஆப்பிளுக்கு வேண்டியது இந்தக் கடைசிப் பதம். 160-ஐத் தாண்டினால் நிறம் பழுப்பாகும். இன்னும் போனால் கசந்து கருகும்.

இந்தப் பதத்தில் சட்டென்று ஆறும் பாகு, படிகமாக அடுக்கிக்கொள்ள நேரமில்லாமல் அப்படியே உறைந்துவிடுகிறது. சன்னல் கண்ணாடியும் இவ்வாறு படிகமாகாமல் உறைந்த பொருளே. அதனால்தான் பாகு ஆப்பிள் பளபளக்கிறது. கடித்தால் கண்ணாடி போல் உடைகிறது. ஆனால் பாகில் ஒரே ஒரு சர்க்கரைக் கல் கரையாமல் இருந்தாலும், அதைப் பற்றிக்கொண்டு மற்ற மூலக்கூறுகளும் வரிசை கட்டத் தொடங்கிவிடும். ஒருத்தி வரிசையை விட்டு ஓடினால் வகுப்பே ஓடுவது போல! கிண்டினால் இது இன்னும் விரைவாக நடக்கும். என் பாகு மணலானது இப்படித்தான்.

“அப்படியானால் என் ஆச்சி நாற்பது ஆண்டு கிண்டிக்கொண்டே காய்ச்சினாரே, அது எப்படி உறையாமல் வந்தது?” என்று கேட்டேன். சிஸ்டர் முகம் மலர்ந்தது. “நல்ல கேள்வி. அவர் காய்ச்சியது எது?” என்றார். “வெல்லம்” என்றேன். “அதுதான் விடை. வெல்லத்தில் சுக்ரோஸோடு குளுக்கோஸும் பிரக்டோஸும் இயல்பாகவே கலந்திருக்கின்றன. அவை குறுக்கே புகுந்து சுக்ரோஸ் வரிசை கட்டுவதைத் தடுக்கும். வெல்லம் கிண்டலைப் பொறுக்கும். வெள்ளைச் சர்க்கரை பொறுக்காது. உன் ஆச்சியின் கை மறக்கவில்லை. பொருள்தான் மாறிவிட்டது” என்றார்.

சர்க்கரையோடு சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்தால், அதன் அமிலம் சுக்ரோஸில் ஒரு பகுதியைப் பிரித்துக் குளுக்கோஸும் பிரக்டோஸும் ஆக்கிவிடும். அதனால் உறையும் ஆபத்து குறையும். ஆனால் சாறு அதிகமானால் மிட்டாய் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும்.

வெப்பமானியை வீட்டுக்குத் தருவீர்களா என்று கேட்டேன். சிஸ்டர் மறுத்துவிட்டார். ஆய்வகக் கருவி உணவில் படக் கூடாது. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைப் பாகில் விட்டால் வெடித்துப் போகும். பழைய கருவியானால் உள்ளிருக்கும் பாதரசம் நஞ்சு. ஆகையால் அவர் ஆய்வகத்திலேயே, தின்பதற்கன்று என்று சொல்லி, ஒரு சிறு குவளையில் பாகு காய்ச்சிக் காட்டினார். வெப்பமானி 150-ஐத் தொட்டதும் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டு, இறுகியதை எடுத்துத் தட்டில் போட்டார். ‘டங்’ என்று சத்தம் கேட்டது. எனக்கு மெய் சிலிர்த்தது. கடலை மிட்டாய்ப் பாகு பதமாகிவிட்டதா என்று பார்க்க ஆச்சி செய்வதும் இதையேதான்! தண்ணீரில் விடுவார், உருட்டுவார், தட்டில் போட்டுக் காது கொடுப்பார்.

மூன்றாம் முயற்சி

வீட்டுக்கு ஓடிப்போய் ஆச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெல்லம், வெள்ளைச் சர்க்கரை, ‘டங்’ சத்தம் எல்லாம் சொன்னேன். ஆச்சி இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, “அப்போ சீனி கிண்டப்படாது, வெல்லம் கிண்டலாம். இதைச் சொல்ல ஒரு சிஸ்டர் வேண்டியிருக்கு பாரு” என்று சொல்லிவிட்டு, முக்காலியை எடுத்துவரச் சொன்னார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டேன். அம்மா அருகில் நின்றார். பதத்தைத் தம் காதால் ஆச்சி பார்த்தார். முதல் ஆப்பிள் தட்டில் உட்கார்ந்தபோது விளக்கொளி அதில் சிவப்பாக மின்னியது. மங்கிய கண்ணுக்கும் அந்த மினுக்கம் தெரிந்திருக்க வேண்டும். ஆச்சி கையால் தடவிப் பார்த்து, “கண்ணாடிதான்” என்றார்.

அத்தோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. இரவு முழுவதும் ஐப்பசி மழை. காலையில் பார்த்தால் ஆப்பிள்கள் எல்லாம் பிசுபிசுவென்று நீர்விட்டிருந்தன. சர்க்கரைக் கண்ணாடி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; கடற்கரை ஊரில், மழைக்காலத்தில் கேட்க வேண்டுமா! ஆகவே கடை போடும் நாளன்று விடியற்காலையில்தான் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தோம்.

செய்முறை

தேவையானவை: சிறிய, கெட்டியான ஆப்பிள் 6, சர்க்கரை 400 கிராம், தண்ணீர் 150 மில்லி, எலுமிச்சைச் சாறு அரைத் தேக்கரண்டி, தடித்த மூங்கில் குச்சி 6, தட்டில் தடவச் சிறிது நெய், அடி கனமான, ஆழமான பாத்திரம் ஒன்று, பக்கத்தில் வைக்கக் குளிர்ந்த நீர் ஒரு கிண்ணம். சற்றுப் புளிப்பான ஆப்பிள் கிடைத்தால் இன்னும் நல்லது. பாகின் இனிப்புக்கு அது ஈடு கொடுக்கும்.

1. கடை ஆப்பிளின் மேல் பெரும்பாலும் மெழுகு பூசியிருப்பார்கள். நான் வழுக்கி விழுந்தது இதில்தான். கொதிநீரில் சிறிது வினிகர் விட்டு, ஆப்பிளைச் சில விநாடி முக்கியெடுத்து, துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும்.

2. ஆப்பிளை ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் சூட்டில் ஆவியாகிப் பாகில் குமிழ் விடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தால் வேர்க்கும். ஆகவே வெளியிலேயே வைத்திருக்க வேண்டும்.

3. காம்பைக் கிள்ளிவிட்டு, அந்த இடத்தில் குச்சியைப் பாதிக்கு மேல் ஆழமாகச் செருக வேண்டும். தூக்கி ஆட்டிப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

4. தட்டில் நெய் தடவித் தயாராக வைக்க வேண்டும். பாகு பதமானபின் தட்டைத் தேடக் கூடாது.

5. சர்க்கரை, தண்ணீர், எலுமிச்சைச் சாறு மூன்றையும் சேர்த்து இளந்தீயில் வைத்து, சர்க்கரை முழுவதும் கரையும்வரை மட்டும் கிண்டலாம். கொதி வந்தபின் கரண்டி அதைத் தொடவே கூடாது. இரண்டு நிமிடம் மூடி வைத்தால் ஆவி வழிந்து, ஓரத்தில் ஒட்டிய சர்க்கரைக் கல்லைக் கழுவிவிடும். பிறகு மூடியை எடுத்துவிட வேண்டும்.

6. நடுத்தரத் தீயில் 15 முதல் 20 நிமிடம் ஆகும். முதலில் நுரை பெரிதாகவும் வேகமாகவும் வரும். பிறகு குமிழ் சிறிதாகி மெதுவாகும். அப்போது ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டு, ஆறியதும் எடுத்துத் தட்டில் போட வேண்டும். மெத்தென்று விழுந்தால் இன்னும் கொதிக்க வேண்டும். ‘டங்’ என்றால் உடனே அடுப்பை அணைக்க வேண்டும்.

7. குமிழ் அடங்கியதும் பாத்திரத்தை ஒரு பக்கம் சாய்த்துப் பெரியவர் ஒருவர் பிடித்துக்கொள்ள, ஆப்பிளை ஒரு சுற்றுச் சுற்றித் தோய்த்து, வழிவது நின்றதும் தட்டில் நிறுத்த வேண்டும். 10 நிமிடத்தில் இறுகிவிடும்.

8. பாத்திரத்தில் இறுகியதைச் சுரண்ட வேண்டாம். தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் தானே கரையும்.

அடுப்பருகே பருத்தி ஆடை உடுத்தி, தாவணி முனையைச் செருகி, சடையைத் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். பாத்திரத்தின் பிடி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. சிறு தம்பி தங்கையரை அடுக்களைக்கு வெளியே நிறுத்துங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் பெரியவர் இல்லாத வேளையில் தொடங்காதீர்கள்.

நிறம் வேண்டுமா?

கடையில் விற்பது போல் செக்கச்செவேல் என்று இருக்க வேண்டும் என்று பீட்ரூட் சாறு கலந்து பார்த்தேன். அதன் நிறம் இத்தனை சூட்டைத் தாங்காமல் பழுப்பாகிவிட்டது. பெயர் தெரியாத பொடிகளைக் கலப்பதோ பெரும் ஆபத்து. துணிக்குச் சாயமிடும் ரோடமின்-பி என்ற பொருள் பஞ்சு மிட்டாயில் கண்டுபிடிக்கப்பட்டதால், 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதன் விற்பனையைத் தடை செய்தது நினைவிருக்கலாம். உண்மையில் நிறமே தேவையில்லை. பாகு தெளிவாக இருந்தால் ஆப்பிளின் சொந்தச் சிவப்பே அதன் வழியாகத் தெரியும். இறைவன் கொடுத்த நிறத்தைவிட அழகான நிறம் ஏது?

உடல்நலம்

ஆப்பிளைத் தோய்க்குமுன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தேன். ஒன்றில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை ஒட்டியிருந்தது. நாம் உண்ணும் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இப்படிச் சேர்க்கும் சர்க்கரையிலிருந்து வரக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. 2000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம். ஆகவே இது திருவிழாப் பண்டமே அன்றி, அன்றாடப் பண்டம் அன்று. தின்றபின் வாயை நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். பல்லில் ஒட்டிய மிட்டாய் சொத்தைக்கு அழைப்பிதழ். சிறு குழந்தைகளுக்கு முழுசாகக் கொடுக்காமல், பெரியவர் மேலோட்டை உடைத்துச் சிறு துண்டுகளாக நறுக்கித் தர வேண்டும்.

பல நாள் வைத்திருந்தும் தின்னக் கூடாது. 2014-இல் அமெரிக்காவில், பாலும் வெண்ணெயும் சேர்த்த மெத்தென்ற பாகில் தோய்த்த ஆப்பிள்களால் ‘லிஸ்டீரியா’ என்ற கிருமி பரவி 35 பேர் நோயுற்றனர். சிலர் இறந்தும் போயினர். குச்சி செருகும்போது கசியும் சாறு, பாகுக்கும் தோலுக்கும் நடுவே தங்கிக் கிருமி வளர இடம் கொடுக்கிறது என்று பின்னர் ஆய்வில் கண்டார்கள். நம்முடையது கெட்டிப் பாகு என்றாலும் பாடம் ஒன்றே. நன்றாகக் கழுவுங்கள், சுத்தமான குச்சியைப் பயன்படுத்துங்கள், செய்த அன்றே தின்றுவிடுங்கள்.

முடிவுரை

குழந்தைகள் தினத்தன்று அதிகாலை 4 மணிக்கு எங்கள் வீட்டில் விளக்கு எரிந்தது. நான்கு ஈடாக 20 ஆப்பிள் தோய்த்தோம். ஒவ்வோர் ஈட்டுக்கும் ஆச்சி காது கொடுத்தார். இருமுறை “இன்னும் இல்லை” என்றார். இருமுறையும் அவர் சொன்னதே சரி. மழையும் அன்று கருணை காட்டியது. இடைவேளை மணி அடிக்குமுன் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. வயது முதிர்ந்த சிஸ்டருக்கென்று ஒன்றை எடுத்து வைத்து, சிறு துண்டாக்கிக் கொடுத்தோம். அவர் வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, “அதே சத்தம்” என்று மட்டும் சொன்னார்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பாகிடம் அவசரம் செல்லாது, கெஞ்சலும் செல்லாது. அது தன் விதிப்படியே நடக்கும்; அந்த விதியை அறிந்தவர் சொல்லுக்கு மட்டுமே கட்டுப்படும். அந்த விதியைச் சிஸ்டர் புத்தகத்தில் படித்து அறிந்தார்; என் ஆச்சி பிள்ளைகளின் பசியைத் தீர்க்க அடுப்பருகே நின்று அறிந்தார். சிஸ்டரின் வெப்பமானி 150 என்று காட்டியபோது கேட்டதும், ஆச்சி தம் தட்டில் கேட்டதும் ஒரே சத்தமே. பள்ளியில் படிப்பவள் என்று நான் வீட்டில் பெருமை பேசியதுண்டு. இனி அப்படிப் பேச மாட்டேன். அதுபோல், வீட்டில் சொல்வதையெல்லாம் ஏன் என்று கேளாமல் செய்யவும் மாட்டேன். ஏன் என்று கேட்டதால்தானே என் ஆச்சியின் கை மறக்கவில்லை என்று அறிந்தேன்!

என் இடக்கை விரல்களில் இன்னும் ஒரு சிறு தழும்பு இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குழாயடியும் என் தோளைப் பிடித்திருந்த கையும் நினைவுக்கு வருகின்றன. அடுத்த ஆண்டுக் கடைக்குக் கடலை மிட்டாய் செய்யலாம் என்று தோழியர் இப்போதே சொல்லிவிட்டார்கள். கற்றுத் தர வருமாறு ஆச்சியைக் கேட்டேன். “வெல்லத்தை நல்லாப் பார்த்து வாங்கி வையுங்க, மத்ததை நான் பார்த்துக்கிறேன்” என்று சொல்லியிருக்கிறார்.